அத்தான் உயர்த்திய கூரை

அத்தான் எந்த நாற்காலியிலும் சட்டென்று உட்கார மாட்டார். முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். மருத்துவமனை, பக்கத்து வீடு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் இதுதான். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன்.

அவர் தொழிற்சாலை வாசலில் சோதனை வேலை பார்த்தவர். வெளியே போகிறவர்களின் பையையும் டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டும். ஒருமுறை ஒருவன் சாப்பாட்டு டப்பாவுக்குள் இன்னொரு அடி வைத்துப் பித்தளைச் சாமான்களைக் கடத்தினான். மற்றவர்கள் விட்டதை அத்தான் பிடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் எதற்குமே ஒரே ஒரு அடி கிடையாது. தொழிற்சாலைக்காரர்கள் அவருக்கு ‘டார்ச்’ என்று பெயர் வைத்தார்கள்.

இப்படிப்பட்டவர் ஊருக்கு எப்படிப் போவார்? கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். அதற்குள் பஸ் போய்விடும். அக்கா பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்குவாள். நான் அவர்களோடு வந்து தங்கிய பிறகும் நிலைமை மாறவில்லை. “இவளைக் காவலுக்கு வெச்சிட்டுப் போறதா? யாராவது சிரிச்சுக் கேட்டா சாவியைக் குடுத்துடுவா” என்றார்.

ஓய்வு பெற்றதும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “வீட்டையே கூட எடுத்துட்டுப் போயிட்டா?” ரொட்டி விற்கிற ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய வேனை வாங்கி வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தாயிற்று. அக்கா உள்ளே ஏறினாள். அவள் அத்தானைவிட உயரம். கழுத்தை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினாள்.

“காலம் பூரா எங்கேயும் போகல. இப்பப் போறதுன்னா நிமிர்ந்து நின்னுதான் போவேன். முடியாதுன்னா நீங்களே போயிட்டு வாங்க.”

அக்கா அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தானும் கேட்டதில்லை போலும். மறுநாளே மூவரும் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, வண்டியை நிறுத்திய இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளும் கூரை. பக்கச் சுவரெல்லாம் கெட்டித் துணி.

“துணியா? பிளேடு வெச்சு ஒரு இழு இழுத்தா உள்ள வந்துடுவான்.”

“அப்ப ஃபைபர் கூரை போட்டுக்கங்க சார். அசையாது. பாலத்துக்கு அடியில போறப்ப மட்டும் உங்க உயரத்தை மறந்துடாதீங்க.”

அதிலும் இரண்டு உயரம் இருந்தது. பட்டறைக்காரர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரியதைக் கை காட்டினார். அத்தானுக்கு உடனே புருவம் ஏறியது. சட்டைப் பையிலிருந்து தன் டேப்பை எடுத்தார்.

“என் டேப்லதான் அளக்கணும். உங்களுது இழுத்து இழுத்து நீண்டிருக்கும்.”

“இரும்பு டேப் சார். ரப்பர் இல்ல.”

இரண்டு டேப்பும் ஒரே கணக்கைச் சொன்னது அத்தானுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பெரியதற்கே சரி என்றார். வெளியே வந்ததும் என்னிடம் குனிந்து, “நீ தினம் இங்க வந்து உக்காரு. நீ வாயே திறக்க மாட்டே, அதனால உன்னை யாரும் கண்டுக்க மாட்டாங்க. கூரையை வெட்டினதும் உள்ள இரும்புச் சட்டம் கொடுக்கணும். கொடுக்காமலேயே மூடிடுவானுங்க. பார்த்துக்கோ” என்றார்.

நானும் போய் உட்கார்ந்தேன். பழைய கூரையை வெட்டி எடுத்தார்கள், வண்டிக்குள் வானம் தெரிந்தது. சட்டம் கொடுத்தார்கள், பற்றவைத்தார்கள், துருப் பிடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்தார்கள். பிறகு விளிம்பு முழுக்கக் கெட்டிப் பசை வைத்து, நாலு பேர் தூக்கிப் புதுக் கூரையை உட்கார வைத்தார்கள். “நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்று பட்டறைக்காரர் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அப்போது அத்தான் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஏணியில் ஏறி, பேனாக்கத்தியைத் திறந்து, கூரையின் முன்பக்க விளிம்புக்கு அடியில் விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினார். பசை உள்ளே வரை இருக்கிறதா என்று பார்க்கிறாராம். இறங்கி, கத்தியைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“இவங்க எதையாவது மறைச்சாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். கேட்டதற்கு அதுதான் பதில்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அக்கா உள்ளே நிமிர்ந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். கிளம்ப நாளும் குறித்தார்கள். அதற்குள் ஒரு மழை வந்தது. மறுநாள் பார்த்தால் முன்பக்கம் முழுக்க ஒழுகி மெத்தை ஊறிக் கிடந்தது. அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம். “நான் சொல்லல?” என்று எங்களையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு ஓட்டினார்.

பட்டறைக்காரர் ஏணியில் ஏறி விரலால் தடவிப் பார்த்தார்.

“கத்தி போயிருக்கு சார். பசை காயறதுக்கு முன்னாடியே.”

“உங்க ஆளுங்கள்ல எவனாவது செஞ்சிருப்பான். எனக்கு இந்தக் கூரையே வேணாம், கழட்டுங்க. பழசையே போடுங்க.”

“வெட்டின தகரத்தை எங்க சார் போய் ஒட்டுறது?”

“அப்ப வண்டியையே வித்துடுறேன். பயணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அக்கா வண்டிக்குள் நின்றபடி ஈர மெத்தை உறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகாத நாட்களில் துணிகளை மடித்து அலமாரியில் வைப்பாளே, அதே மடிப்பு. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“கத்தி விட்டது அத்தான்தான்” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பட்டறை ஆட்கள் நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

“நான் செக் பண்ணினேன்! அது வேற!” என்றார் அத்தான்.

“உள்ள பசை இருந்துச்சா சார்?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

“இருந்துச்சு.”

அக்காதான் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. பட்டறைக்காரர் அன்றே முன்பக்கத்தைச் சுரண்டிப் புதுப் பசை வைத்தார். அக்கா ஏணியை எடுத்துத் தரையில் கிடத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “இது காயற வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாது. முக்கியமா நீங்க.”

அவர்கள் கிளம்பிப் போய் மாதங்கள் ஆகின்றன. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. அக்கா அடிக்கடி போன் செய்கிறாள். பெருமழையிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை, நிமிர்ந்து நின்றுதான் சமைக்கிறேன் என்கிறாள். அத்தான் என்னோடு பேசுவதில்லை.