யார் இறந்தது என்று கேட்காத கூடாரம்

பவானி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பணக்காரர்கள் வாழும் பங்சாரில் ஒரு ஹோட்டல் அரங்கில் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். இளைஞர் மேம்பாட்டுக் கருத்தரங்கு. இளைஞர்களுக்குப் பாதுகாப்பான இடங்கள் தேவை என்று மேடையிலிருந்தவர் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அரங்கில் இளைஞர்கள் என்று பார்த்தால் எங்கள் குவளைகளில் தண்ணீர் ஊற்றிய பணியாளர்கள்தாம். கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழு.

“பவானி அக்கா தவறிட்டாங்க. பி பிளாக் கீழ கெமா போட்டாச்சு. எல்லாரும் வாங்க.”

அதற்குக் கீழே மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: “ஓகே. கேரம் போர்ட் யாரு எடுத்துட்டு வர்றா?”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதலில் நம்பவில்லை. கிள்ளானில் எங்கள் குடியிருப்பில் சாவு விழுந்தால் கேரம் விளையாடலாம் என்று பிள்ளைகளைப் பழக்கி வைத்தவரே அவர்தான்.

பவானி அக்கா கெமா வாடகைக்கு விடுபவர். இரும்புக் கால் நட்டு மேலே துணி கட்டும் கூடாரம், அதற்குக் கீழே போடும் நாற்காலி, மேசை, பெரிய அண்டாக்கள் எல்லாம் அவரிடம் உண்டு. கல்யாணத்துக்கும் அவர்தான், கருமாதிக்கும் அவர்தான். மெதுவாகப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் பார்க்கிங்கில் நின்று ரகசியம் சொன்னால் பத்தாம் மாடியில் பதில் சொல்வார்கள்.

வாடகை குறைவு என்பதற்காக நான் அங்கே குடிவந்த முதல் வாரம் லிப்டில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, என்னா வேல செய்றீங்க?”

“என்.ஜி.ஓ., அக்கா. பிரிக்பீல்ட்ஸ்ல.”

“மூஞ்சப் பாத்தா வீட்ல யாரோ செத்த மாரி இருக்கே.”

“பிறந்ததுல இருந்தே இப்படித்தான்க்கா.”

“நல்லது. எப்பவாச்சும் தேவப்படும்.”

தேவைப்பட்டது.

எங்கள் குடியிருப்பில் ஒரு சமூக மண்டபம் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டி, இளைஞர்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசி, கறி பப் சாப்பிட்டுப் போனார். அன்று மாலையே பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தால் நாசமாக்கிவிடுவார்களாம். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பாதுகாவலர் விரட்டினார். ரோந்து வரும் போலீஸ்காரர்கள் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பங்சாரில் ஒரு பையன் காப்பிக் கடையில் மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் தொழில்முனைவோன். எங்கள் தமிழ்ப் பையன் படிக்கட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் குண்டர் கும்பல்.

நிர்வாகக் குழுத் தலைவரை எல்லோரும் சேர்மன் என்றுதான் அழைப்போம். அக்கா அவரிடம் பல தடவை மண்டபத்துச் சாவியைக் கேட்டிருக்கிறார்.

“புதுசா இருக்குலா பவானி. பிள்ளைங்க கைய வச்சா அவ்ளோதான்.”

“மண்டபத்த பாத்துக்கிட்டே இருக்கவா கட்டுனாங்க? பூச போடுங்களேன் சேர்மன், நா தேங்கா வாங்கித் தரேன்.”

ஏழாம் மாடியில் மாலா என்று ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் யாழினி பள்ளி விட்டு வந்ததும் அவளை உள்ளே விட்டு, இரும்புக் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஒரு மாலை ஆறாம் மாடியில் யாரோ கறியைத் தீய விட்டார்கள். புகை மேலேறியது. யாழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். சாவி தொழிற்சாலையில், மாலாவின் பையில். அக்கா தம் லோரியிலிருந்து பெரிய வெட்டுக் குறடு ஒன்றைத் தூக்கிவந்து பூட்டை நறுக்கினார்.

மாலா பதறி ஓடி வந்தபோது அக்கா பிடித்துக்கொண்டார்.

“என்னாடி இது? பெத்த புள்ளய கோழி மாரி அடைச்சு வச்சிருக்க?”

“வேற எங்கக்கா விடச் சொல்றீங்க? படிக்கட்டுலயா?”

அக்கா படிக்கட்டைப் பார்த்தார், நறுக்கிய பூட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை பி பிளாக் கீழே கெமா எழுந்தது. சாவுக்குக் கட்டும் வெள்ளைத் துணி. ஆனால் யாரும் சாகவில்லை.

இந்த நாட்டில் சாவுக்குப் போட்ட கெமாவில் யாரும் கை வைப்பதில்லை. கல்யாணக் கெமா என்றால் ஹாரன் அடிப்பார்கள், புகார் கொடுப்பார்கள். சாவுக் கெமா என்றால் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரு வார்த்தை பேசாமல் காரை நகர்த்திக்கொண்டு போவார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் இதில் மட்டும் ஒரே இனம். அக்காவின் தொழில் ஞானம் இது.

நகராட்சி அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து யார் இறந்தது என்று கேட்டார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“பாக்சிக் சாயா, என்சேக். டி இண்டியா.”

இந்தியாவிலிருக்கும் என் மாமா என்று மலாயில் சொன்னார். முன்வரிசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், தோளைத் தட்டினார், போய்விட்டார். சில வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி ஒரு மாமா. அதற்கடுத்தும் ஒருவர். உங்களுக்கு மாமாக்கள் நிறையப் பேர் போலிருக்கிறதே என்று அவர் மலாயில் கேட்டதற்கு, என் தாத்தா ரொம்பச் சுறுசுறுப்பு என்று அக்காவும் மலாயிலேயே சொன்னார். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அதன் பிறகு எங்கள் பக்கம் வந்தாலும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டே போவார்.

அந்தக் கூடாரத்துக்குள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்தார்கள், கேரம் ஆடினார்கள். ஏ பிளாக்கில் குடியிருந்த மருத்துவமனைத் தாதி ஒருவர் ஆன்டிகளுக்கு இரத்த அழுத்தம் பார்த்தார். குடித்துவிட்டு அடிக்கும் கணவன் தூங்கும்வரை ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருப்பார். அக்கா அவரை எதுவும் கேட்காமல் வெங்காயம் உரிக்கக் கொடுப்பார். சீனரான டான் அங்கிள் ஒவ்வொரு ‘சாவுக்கும்’ வேர்க்கடலையும் ஒரு பெட்டித் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்துத் தலைகுனிந்துவிட்டுப் போவார். மாலா கவலையில்லாமல் வேலைக்குப் போனார். எங்கள் அலுவலகம் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறது. பெயர் மட்டும்தான் வைத்திருக்கிறது.

சேர்மன் ஒருநாள் பூமாலையோடு வந்துவிட்டார். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் பிள்ளைகள் கேரம் போர்டை இறந்தவர் படம்போல நாற்காலியில் நிமிர்த்தி வைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்தி, முன்னால் விளக்கேற்றிவிட்டார்கள். யார் இறந்தது என்று அவர் கேட்கவேயில்லை. துணியின் மேல் மாலையைப் போட்டார், கும்பிட்டார், எங்கள் பக்கம் திரும்பினார்.

“அன்னாரை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். குறைவாகப் பேசுவார். யார் மனமும் நோக நடந்ததில்லை. இந்தக் குடியிருப்பின் இளைஞர்களை ஒன்றுசேர்த்தவர் அவர்.”

கேரம் போர்டைப் பொறுத்தவரை அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அக்கா முந்தானைக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதார் என்றுதான் சேர்மன் நினைத்தார். விஷயம் தெரிந்த பிறகு அவர் கெமாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் எதற்கு இரங்கல் உரை ஆற்றினார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பக்கத்து ஊரான காப்பாரில் ஒரு கல்யாணத்துக்குக் கெமா கட்டிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு மாரடைப்பு. ஆட்களைத் திட்டிக்கொண்டே சாய்ந்தாராம். திட்டி முடிக்கவில்லையே என்று அந்த ஆட்கள் இன்றும் வருத்தப்படுகிறார்கள்.

உடலை மண்டபத்தில் வைக்கக் கேட்டோம். முடியாது, ஞாயிற்றுக்கிழமைக் குடும்பநல விழாவுக்கு நாற்காலி அடுக்கியாகிவிட்டது என்றார் சேர்மன். ஆகவே அக்கா தம் சொந்தக் கெமாவில், தம் சொந்த நாற்காலிகளுக்கு நடுவில் கிடந்தார். சேர்மன் பேசினார். அதே உரை. “குறைவாகப் பேசுவார்” என்ற இடத்தில் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அக்காவின் தங்கை சிரித்த சிரிப்பில் கண்ணீர் எது என்று தெரியவில்லை.

கருமாதி வரைக்கும் கெமா நின்றது. அதுவரை யாரும் கேட்க முடியாது. கருமாதி முடிந்த மாலை சேர்மன் இரண்டு பாதுகாவலர்களோடு வந்தார்.

“காரியம் முடிஞ்சிருச்சி. இன்னிக்கே கழட்டிடுங்க. இனிமே இங்க கெமா கிடையாது. பவானியும் இல்ல.”

அக்காவின் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஏதோ உரிமை, சட்டம் என்று ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்து ஒரு பாதுகாவலர் எனக்கே ஆறுதல் சொன்னார். அப்போது மாலா பேசினார். வேலைச் சீருடையில், யாழினி பக்கத்தில், நாற்காலியைவிட்டு எழாமல்.

“கழட்ட முடியாது சேர்மன். இது சாவு வீடு.”

“அதான் முடிஞ்சிருச்சேம்மா. இப்ப யாரு செத்தா?”

மாலா எதிரே மண்டபத்தைக் காட்டினார்.

“அது. திறந்த அன்னிக்கே செத்துருச்சி. இன்னும் எடுக்காம வச்சிருக்கீங்க. உக்காருங்க, துக்கம் விசாரிச்சிட்டுப் போங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆன்டிகள் ஒவ்வொருவராக முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தமிழ் தெரியாத டான் அங்கிள் சேர்மனிடம் கடலைத் தட்டை நீட்டினார். சேர்மன் ஒன்றை எடுத்து, உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலை மண்டபம் திறந்தது. சேர்மன் மனம் திருந்தினார் என்று எழுத ஆசைதான். மாலா பேசியதை யாரோ படம்பிடித்துப் பரப்பியிருந்தார்கள், தேர்தலும் வருகிறது. காரணம் எதுவானாலும் திறந்ததைத் திரும்பப் பூட்ட விடமாட்டோம்.

உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பிங்பாங் மேசைகள் இருந்தன. பிள்ளைகள் உறையைக் கிழித்த சத்தம் பார்க்கிங் வரை கேட்டது. யாழினி மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் பிடித்துப் புத்தகத்தை விரித்தாள். மாலா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடி ஏறினார்.

அமைதியாக உறங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை, அக்கா. திட்டுவீர்கள். சத்தமாகவே போய் வாருங்கள்.