சீற்றுக்கு அடியில் இருந்த எஞ்சின்

என் கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் கிளிநொச்சியில் ஒரு சின்ன ஜப்பான் வான் இருந்தது. வட்ட விளக்குகள், தட்டையான முகம். மூக்கு என்று ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஓட்டுபவரின் சீற்றுக்கு அடியில்தான். தண்ணீர் ஊற்றுவதென்றாலும் எண்ணெய் பார்ப்பதென்றாலும் சீற்றை நிமிர்த்த வேண்டும். கொஞ்சத் தூரம் ஓடினாலே தொடை சுடத் தொடங்கிவிடும். கலியாணமான புதிதில் நான் முன்னால் ஏறியிருந்து நெளிவேன்.

"அண்ணி, அடுத்த முறை வரேக்கை ரெண்டு முட்டை கொண்டுவாங்கோ. முறிகண்டி போறதுக்குள்ளை அவிஞ்சிடும்" என்று கணவரின் தம்பி சொல்லிச் சிரிப்பார். அவருக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. அண்ணனும் தம்பியும் மாறி மாறி வாடகைக்கு, ஹயர் ஓடினார்கள். மழையில் வெள்ளவாய்க்கால் கல்லில் மோதி இடப்பக்கக் கதவு நசுங்கியபோது, யார் மோதியது என்பதை இரண்டு பேரும் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

போரின் கடைசி மாதங்களில் அந்த வான்தான் எங்களுக்கு வீடு. ஒவ்வொரு இடமாக விட்டு ஓடியபோது பாய், பானை, மகளுக்கு ஏணை கட்டிய சேலை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கடைசியாக, கடலேரிப் பக்கம் போகும் பாதையில் வாகனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வானில் நடக்க முடியாத ஒரு வயோதிபத் தம்பதி இருந்தார்கள். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர்கள். சொந்தமில்லை.

"நீங்கள் பிள்ளையோட நடவுங்கோ அண்ணி" என்றார் தம்பி. "இவையை இப்பிடியே விட்டிட்டு என்னெண்டு வாறது? பாதை விட்டவுடனை நான் வானோட வாறன்."

நாங்கள் நடந்தோம். அவர் வரவில்லை. முகாமில் கேட்காத ஆள் இல்லை. ஒருவர் மட்டும், அந்த வான் பாதையோரம் நின்றதைக் கண்டதாகச் சொன்னார். கதவுகள் திறந்திருந்தனவாம். உள்ளே ஒருவரும் இல்லையாம். இன்றுவரை எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த பிறகு நான் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், வீட்டுக்கார அம்மாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவர் கபோ சந்தையில் பெட்டி தூக்கினார். ஒரு நாள் மத்தியானம், நான் வேலை முடித்து இறங்கும்போது கீழே வாசலில் நின்றார். அப்படி வருகிறவர் இல்லை. பயந்துபோனேன்.

"ஒண்டுமில்லை. ஒருக்கா வாரும்" என்று சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பூக்காரர் ஒருவரின் கடைக்குப் பின்னால் ஒரு வான் நின்றது. அதே ஜப்பான் வானின் அடுத்த பிறவி. விளக்குகள் சதுரமாகியிருந்தன, உடம்பு கொஞ்சம் நீண்டிருந்தது, பக்கக் கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் முகம் அதே தட்டை முகம். இவர் பூக்காரரிடம் கேட்காமலே சீற்றைப் பிடித்து நிமிர்த்தினார்.

"பாரும்" என்றார். "இஞ்சையும் எஞ்சின் இடம் மாறேல்லை."

அடுத்த மாதம் அது எங்களுடையதாகிவிட்டது. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றத் தொடங்கினார். பெரிய லொறிகள் எட்டிப் பார்க்கவும் முடியாத சந்துகளுக்குள் கண்ணாடிகளை மடித்துவிட்டு நுழைந்துவிடுவார். தமிழ்ச் சனம் புதிதாக வந்து இறங்கினால் அவர்களைக் கூட்டிவருவதும், பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி அலுவலாக குவெஸ்தூரா பொலிசுக்குக் கொண்டுபோய் விடுவதும் இவர்தான். வன்னியில் இருந்து வந்தவர்களென்றால் முன்சீற்றில் இருத்துவார். கொஞ்சத் தூரம் போனதும் கேட்பார்: "அங்கை ஒரு வெள்ளை வான் கண்டனீங்களோ? இடப்பக்கக் கதவு நசுங்கினது." முதலில் வானைத்தான் கேட்பார். தம்பியைக் கேட்பது அதற்குப் பிறகு. எல்லாரும் பாவமாக யோசித்துப் பார்ப்பார்கள். பிறகு இல்லை என்பார்கள். இவர் "ஓம், ஓம், அந்த நேரம் எத்தினை வான்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

பழைய டீசல் வண்டிகள் நகரத்தின் நடுப்பகுதிக்குள் வரக்கூடாது என்று ஆனபோது அந்த வானை வைத்துப் பிழைக்க முடியாமல் போனது. பழைய இரும்புக்காரரிடம் கொண்டுபோனோம். அங்கே நிறுத்திவிட்டு இவர் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். சீற்றுக்கு அடியில் இருந்து அந்தச் சூடு வந்துகொண்டிருந்தது.

"சாவி என்ரை கையிலைதான் இருந்தது" என்றார். "அவன் கையை நீட்டினவன். நான் குடுத்தனான். குடுக்காட்டில் அவனும் எங்களோட நடந்திருப்பான்."

இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

"சாவி இல்லாட்டிலும் அவர் நிண்டிருப்பார்" என்றேன். "வானுக்காக நிக்கேல்லை. அந்த ரெண்டு பேருக்காக நிண்டவர்."

இவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். இரும்புக்காரர் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து ஜன்னலால் நீட்டிவிட்டுப் போனார்.

அடுத்ததாக வாங்கியதும் அதே கொம்பனியின் சின்ன வான்தான். ஆனால் அதற்கு மூக்கு முளைத்திருந்தது. எஞ்சின் முன்னுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கதவு. தளம் பதிந்திருந்ததால் சாமான் ஏற்ற இடுப்பு நோகாது. மகளுக்கு நல்ல சந்தோஷம்.

"அப்பா, இதுதான் சிக்கூரோ. முன்னால இடிச்சாலும் உங்கட காலுக்கு ஒண்டும் நடக்காது" என்றாள். பாதுகாப்பு என்பதற்கு அவளுக்கு இத்தாலியன்தான் முதலில் வாயில் வரும்.

"ஓம் பிள்ளை, நல்ல வான்தான்" என்றார். என்னிடம் மட்டும், "கார் ஓடுற மாதிரிக் கிடக்கு. கீழை ஒண்டுமே இல்லை" என்றார். அந்த முதல் குளிர்காலத்தில் காலுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடினார். சூடு போடுகிற பொத்தான் இருக்கிறதே என்றால், அது வேறை சூடு என்பார்.

லிபெர்த்தாவில் ஒரு மாடி வீட்டுக்கு அலுமாரி ஏற்றிக்கொண்டிருந்தபோது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வருத்தம் முற்றிப்போயிருந்தது. அந்தக் கோடை முழுவதும் மகள்தான் வானை ஓட்டினாள். இவர் பக்கத்தில் இருந்து, திருப்பத்தில் எப்போது கியர் மாற்றுவது என்று சொல்லிக்கொண்டே வருவார். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கடற்கரையில் நடந்தது. காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. ஐயர் எல்லாவற்றையும் முடிக்கப்போகும் நேரத்தில் கேட்டார்: "இவையின்ரை குடும்பத்திலை முந்திப் போனவை ஆரும் இருந்தால் பேரைச் சொல்லுங்கோ. சேர்த்துச் செய்வம்."

தம்பியின் படத்துக்கு மாலை போட இவர் ஒருநாளும் விட்டதில்லை. ஒரு திவசம் செய்ததில்லை. நான் மாமாவின் பெயரையும் மாமியின் பெயரையும் சொன்னேன். அடுத்த பெயர் நாக்கில் நின்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவும்தானே?"

"ஓம் ஐயா."

திரும்பி வரும்போது மகள் வானைக் கரையில் நிறுத்தினாள். "ஏனம்மா சித்தப்பான்ர பேரைச் சொல்லேல்லை?"

"அதைச் சொல்லவேண்டியவர் சொல்லாமலே போட்டார். நான் என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

"அப்ப இனி ஆர் தேடுறது?"

அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வானை எடுத்தாள்.

மகள் இப்போது கல்யாணவீடுகளுக்கும் பிறந்தநாட்களுக்கும் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மூக்கு வைத்த வானும் தேய்ந்துவிட, போன வருடம் புதிது பார்க்கப் போனோம். அந்தச் சின்ன வானை இப்போது செய்வதே இல்லையாம். அதே ஜப்பான் முத்திரையோடு கடையில் நின்றது ஐரோப்பாவிலேயே, வேறொரு கொம்பனியின் அச்சில் செய்த மின்சார வான். விற்பனைக்கு நின்ற பெடியன் அதன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனான். எனக்கு அதில் தெரிந்தது என்று எதுவும் இருக்கவில்லை. மகளுக்குப் பிடித்திருந்தது, வாங்கிவிட்டாள்.

முதல் நாள் என்னை ஏற்ற சிஞ்ஞோரா வீட்டு வாசலுக்கு வந்தாள். வான் வந்து பக்கத்தில் நின்றதே எனக்குத் தெரியாது. "அம்மா!" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். ஏறி இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சீற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பெல்ற்றைப் போடுங்கோ அம்மா" என்று, ஒரு கேக் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "இதை நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. வுச்சீரியா றோட்டு முழுக்கக் குழி."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.