என்னை விட்டுவிட்டுப் போன கப்பல்

கப்பல் என்று ஒன்று புறப்பட்டால் அது வேறு தேசத்துக்குத்தான் போகும் என்று நாற்பது வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். காஞ்சிபுரத்தானுக்குக் கடல் ஏது? எங்கள் தெருக்காரர் ஒருவரை மெட்ராஸ் துறைமுகத்தில் பினாங்குக்கு வழியனுப்பியதுதான் எனக்கிருந்த மொத்தக் கப்பல் அனுபவம். போனவர் போனவர்தான்.

இப்படிப்பட்டவனை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு கோடையில், என் மச்சான் காரில் ஏற்றிக்கொண்டு டென்மார்க், ஸ்வீடன், நார்வே என்று கடலோர ஊர்களாகச் சுற்றிக்காட்டினான். மனைவியின் தம்பி, ஸ்வீடனில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. முன்னால் நான். பின்னால் மனைவி, மகள், இரண்டு பேருக்கும் நடுவில் ராணிபோல இட்லித் தூக்கு. மச்சான் வீட்டு அடுப்பில் மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு அவித்த நம்மூர்க் கோயில் இட்லி.

நார்வேயில் ஒரு மீன்பிடி ஊரில் சாலை நேராகக் கடலில் போய் முடிந்தது. கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல் வரும் என்றான் மச்சான். எதிரே ஒரே மூடுபனி. காரை வரிசையில் நிறுத்தினான். காலை நீட்டலாம் என்று இறங்கினேன்.

கரையில் ஒரு வலையை நீளமாக இழுத்துக் கட்டி, ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை அரிக்க ஆரம்பித்தது. நெசவுக் குடும்பம் எங்களுடையது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவோடு தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால், அது யார் வீட்டுப் பாவானாலும், முடிந்துவிட்டுத்தான் நகரவேண்டும். அப்படிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு கண்ணியை முடிந்தேன். பக்கத்தில் இன்னொன்று அறுந்திருந்தது. பெரியவர் தலையாட்டினார். அது போதாதா எனக்கு? வலையின் அடுத்த கோடிக்கே போய்விட்டேன்.

சங்கு ஊதியது. நிமிர்ந்து பார்த்தால் காரைக் காணோம். வரிசையையே காணோம். கப்பல் பனிக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

ஓடினேன். மச்சானைக் கூப்பிட்டேன். கடல் காக்கைகள் பதில் சொல்லின. பாஸ்போர்ட் மனைவியின் கைப்பையில். பெண்டாட்டி பிள்ளை எந்த தேசத்துக்குப் போகிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்த அம்மாள் சூடாகக் காப்பி கொடுத்து, ஒரு விரலால் கடலைக் காட்டினாள், பிறகு காலடியைக் காட்டினாள், மறுபடி கடலை. அவர்கள் அங்கே, நீ இங்கே. விதியை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காப்பி தீர்வதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. கரையோரம் தெரிந்த அவர்களுடைய சிவப்பு மரவீட்டில் குடியிருப்பது, வலை கட்டிப் பிழைப்பது. பரம சைவன் இந்த ஊரில் எதைத் தின்பது என்பது மட்டும்தான் பாக்கி. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து அதே கப்பல் திரும்பி வந்தது. அந்த அம்மாள் என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

அக்கரையில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமா, அங்கயே வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றான் மச்சான்.

"என்னைத் தேடவே இல்லையா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மேல் தட்டுல நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சோம். எறங்கினப்புறம்தான் நீங்க இல்லன்னே தெரிஞ்சுது. அடுத்த நடையில வந்துடுவாருன்னு தம்பி சொன்னான்."

அந்தக் கப்பல் எந்த தேசத்துக்கும் போவதில்லை. ஒரு கடற்கழியின் இரண்டு கரைகளுக்கும் நடுவில் நாள் முழுக்கப் போய்வருவதுதான் அதற்கு வேலை. நான் அடுத்த நடையில் வந்து சேர்ந்தேன்.