பூந்தமல்லி லாட்ஜ் வாசலில் ஜீப் வந்த சாயங்காலம்

திருவேற்காட்டு அம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், நானும் வீட்டுக்காரரும் மதுரையிலிருந்து கிளம்பினோம். வழி கேட்டு எழுதுகிறீர்கள், சொல்கிறேன். ஆனால் அந்தப் பயணம் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது ஒரு பொம்பளை. அவளைச் சொல்லாமல் எனக்கு எழுத வராது.

சென்னையில் இறங்கி பஸ் பிடித்தால், பாரிமுனையிலிருந்து பூந்தமல்லி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் மூன்று ரூபாய், ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டேதான் போனோம். ஆடிக் கூட்டத்தில் கோயில் பக்கம் அறை கிடைக்கவில்லை. பூந்தமல்லியில் பெங்களூர் சாலையோரமாக ஒரு லாட்ஜ், நாள் வாடகை அறுபது. மறுநாள் தரிசனம் முடிந்ததும் இவர் ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் பெரியப்பா மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனார். எனக்குக் கால் வலி. மார்க்கெட்டில் மல்லி கொள்ளை மலிவு. வாங்கிய நாலு முழத்தையும் தலையில் வைத்துக்கொண்டு லாட்ஜ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்து டீக்கடை பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இங்க குந்திகினு கீற? உள்ள போ. போலீஸ் ஜீப்பு வர்ற நேரம்."

எதற்கு என்றேன்.

"திருவிழா வருதுல்ல. வெளியூர் ஜனம் வர்ற எடத்துல பேர் கெடுதுன்னு வியாபாரிங்க மனு குட்த்தாங்க. கட்சிக்காரங்க மீட்டிங் போட்டாங்க. மேலேர்ந்து போன் வந்தா இவங்களும் யாரையாச்சும் புட்ச்சி காட்டணும்."

"அப்ப லாட்ஜ் ஓனரை?"

"அவுரு விழாக் கமிட்டில கீறாரும்மா."

லாட்ஜின் பின்கட்டு அறைகளில் தொழில் செய்த பெண்கள் இதற்கென்றே முறை வைத்திருந்தார்களாம். இந்தத் தடவை ஒருத்தி, அடுத்த தடவை இன்னொருத்தி. கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவாள். ரேஷன் கடை மாதிரி கைதாவதற்குமா வரிசை!

நான் எழுந்திருப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. அன்றைய முறைக்காரி செருப்பு மாட்டி, தலை சீவித் தயாராக நின்றாள். சின்னப் பெண், இருபது இருக்கலாம். அதிகாரி, "ரெண்டு பேர் வேணும்" என்றபடி என்னைப் பார்த்தார். லாட்ஜ் வாசல், தனியாள், தலை நிறையப் பூ. அவருக்கு அது போதும்.

"ஏறு."

வீட்டுக்காரர் ஆவடி போயிருக்கிறார் என்றேன். எல்லோரும் இதையேதான் சொல்றீங்க என்றார். "குடும்பப் பொம்பள சார்" என்ற பாயை, "நீ டீய ஆத்து" என்று அடக்கினார். ஒரு போலீஸ்காரர் என் கையைப் பிடித்து ஜீப் பக்கம் இழுத்தார். பேப்பரில் வந்தால் மதுரையில் எந்த வாசலை மிதிப்பேன்?

அப்போது பின்கட்டிலிருந்து கன்னியம்மா வந்தாள். காலையில் அடிபம்பில் எனக்கு வாளி கொடுத்தவள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"அந்தம்மா கைய உடு சார். சாமி கும்புட வந்தவங்க. ஆளு பத்தலன்னா நான் வரேன்."

முறைக்காரி பதறினாள். "யக்கா, ஒனக்கு இது மூணாவது கேசு. அபராதத்தோட வுட மாட்டாங்க, கவர்மெண்டு ஹோமுக்கு அனுப்பிடுவாங்க. பாப்பாவ யார் பாக்கறது?"

"சும்மா கெட." பாயைப் பார்த்தாள். "அண்ணாத்தே, பாப்பா தூங்குது. எழுந்தா எதனா துன்னக் குடு." மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் ஏறுகிற மாதிரி ஏறிப் போனாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மலை, கடல், கோபுரம் பார்த்துவிட்டேன். அப்படி மலைத்து நின்றது அங்கே மட்டும்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆடியில் அறையை முன்கூட்டியே பிடியுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெண்கள் தனியாகத் தாராளமாகப் போகலாம், பூவும் வைத்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கு முன்னால் ஊர் சுத்தமாகிவிட்டது என்று யாராவது பெருமை பேசினால், யாரை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர் கிடந்தது. 'விபசார அழகிகள் கைது' என்று போட்டு, முந்தானையால் முகத்தை மூடிய இரண்டு பேர் படம். பாய் வீட்டம்மா மடியில் கன்னியம்மாவின் பாப்பா உட்கார்ந்திருந்தது, மூன்று வயசிருக்கும். என் புடவையைப் பிடித்து இழுத்து, "எங்கம்மா எப்போ வரும்?" என்று என்னைத்தான் கேட்டது.