ஒலித்தடத்தில் ஒரு நேர்கோடு

சென்ற சனிக்கிழமை பகல் முழுவதும் நான் ஆண்களின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேடிக்கைக்காக எழுதவில்லை. கடலோர ஊரான ஆலங்குடாவிலே என் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், வீட்டு முன்னறையில், லப்டொப்பின் முன்னால் அமர்ந்து, ஒரு பழைய கலியாண வீடியோவுக்குள் ஒரு குரலைத் தேடினேன். அகப்பட்டவை இருமல், தும்மல், பாத்திரச் சத்தம், காற்று. தேடிய குரல்?… அதைத்தான் எழுத வந்தேன். பெயர்களையும் உறவு முறைகளையும் சற்றே மாற்றியிருக்கிறேன். காரணம் கடைசியில் விளங்கும்.

தேடியது சாச்சியின் குரலை. அவர் உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று வாசலில் நின்று என்னை வரவேற்றவரும் அவர்தான். ஆனால் தொண்டையில் வந்த நோய்க்காகச் சென்ற வருடம் செய்த சத்திரசிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது உதடுகள் அசையும், ஒலி வராது. யாரையேனும் அழைக்க வேண்டுமானால் அகப்பையால் கதவு நிலையில் ஒரு தட்டு. கோபமென்றால் தட்டு சற்றுப் பலமாக விழும்.

அவருடைய மகள் ஷிஃபானா, என்னை ராத்தா என்று அழைக்கும் தங்கை முறைக்காரி, என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உம்மாவின் குரல் எங்கேயாவது பதிவாகியிருந்தால், அதைப் பிரித்தெடுத்துத் தன் போனில் போட்டுத் தர வேண்டும்.

இந்தக் காலத்தில் இது ஒரு பெரிய காரியமா என்பீர்கள். வட்ஸ்அப்பில் குரற்பதிவு இல்லாத வீடு உண்டா? உண்டு. சாச்சியின் வீடு. போனில் பேசுவார், குரலைப் பதிந்து அனுப்ப மாட்டார். அனுப்பிய குரல் எந்தப் போனுக்குத் தாவும், எந்த அந்நிய ஆணின் காதில் விழும் என்று யார் கண்டது? அது அவருடைய பேணுதல். ஊரில் எல்லாரும் அப்படியல்லர். அவர் அப்படி.

எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை ஷிஃபானாவின் கலியாண வீடியோ. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த அவளுடைய அண்ணன் கொண்டுவந்த கமெராவில் எடுத்தது. முதலில் பந்தலில் ஆண்கள் பக்கம், நிக்காஹ். பிறகு அதே கமெரா உள்ளே போய்ப் பெண்கள் பக்கம். பெண்கள் பகுதியில் சாச்சி மணப்பெண்ணின் தலையில் பூச் செருகியவாறே ஏதேதோ பேசிக்கொண்டிருக்கிறார். நீண்ட நேரம் பேசுகிறார். கமெராவின் சின்னத் திரையில் ஷிஃபானா அந்தப் பகுதியை மட்டும் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சத்தம் வரவில்லை. கமெராவின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று நினைத்திருந்தாள். கணினியில் ஏற்றினால் கேட்கும்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கமெராவை எடுத்துத் தந்தாள். வயரைச் செருகும் இடத்தைத் தேடிப் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். அங்கே ஒரு துவாரத்தில் பழைய இயர்போன் ஒன்றின் முனை மட்டும் சிக்கியிருந்தது. அரை விரல் நீள வயரோடு வெட்டப்பட்ட கறுப்பு முனை. எப்போதோ அறுந்து உள்ளே தங்கிவிட்டது போலும் என்று இழுத்தெடுத்து மேசையில் வைத்தேன். அதை நான் மறந்தும் போனேன்.

வீடியோக்களை எடிட்டிங் மென்பொருளுக்குள் இறக்கினேன். படம் வந்தது. பந்தல், தென்னோலை, தொப்பியணிந்த தலைகள், எல்லாம் துல்லியம். ஒலி மட்டும் இல்லை. ஒலித்தடம் இருக்க வேண்டிய இடமே வெறுமையாகக் கிடந்தது.

இந்தத் தொல்லை உங்களில் பலருக்கும் வந்திருக்கும். கமெரா ஒலியைப் பதிவது ஒரு முறையில். நம்முடைய இலவச மென்பொருள் படிக்கத் தெரிந்தது வேறொரு முறையை. படத்தை ஏற்றுக்கொள்ளும், ஒலியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். பிழையென்று ஒரு வார்த்தை சொல்லாது. புத்தளத்திலே வீடியோக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். மெமரி கார்டில் உள்ளவற்றைப் பிய்த்துப் பிய்த்து எடுக்காமல் முழுவதுமாகப் பிரதி செய்து, பிறகு வேறொரு மென்பொருளால் உருமாற்றி ஏற்றச் சொன்னார். அப்படியே செய்தேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால்… பச்சை அலைகள். திரையின் அடியில் மேடும் பள்ளமுமாக ஒலித்தடம்.

அழுத்தினேன். முதலில் காற்று. ஆலங்குடாக் காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அதனூடே ஒருவர் இருமினார். இன்னொருவர், "இந்தச் சஹனுக்கு ரெண்டு பேர் காணாது, வாங்க, வாங்க" என்று ஒரே பெரிய தட்டில் கூடியுண்ணும் பந்திக்கு ஆள் சேர்த்தார். மௌலவியின் குரல் மணிபோல் கேட்டது. அவருக்குப் பின்னால் அதே இருமல்.

ஷிஃபானா அடுக்களைக்கு ஓடிப்போய் உம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சத்தம் வந்துட்டுது உம்மா. இனி உங்கடதான்."

பெண்கள் பகுதியைத் திறந்தேன். சாச்சி பூச் செருகினார். உதடுகள் அசைந்தன. யாரையோ பார்த்துச் சிரித்தார், கையை நீட்டி ஏதோ கேட்டார், மறுபடி பேசினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

இம்முறை ஒலித்தடம் இருந்தது. ஆனால் அலையில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை, அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் ஒரு நேர்கோடு. ஒலியை உச்சத்துக்கு ஏற்றினேன். இடம், வலம் என்று தனித்தனியே பிரித்துக் கேட்டேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடி உருமாற்றினேன். கோடு கோடாகவே கிடந்தது.

"ஆம்புளையளுட இருமலெல்லாம் கேக்குது ராத்தா," என்றாள் ஷிஃபானா. "உம்மாட ஒரு சொல்லுக் கூடவா இல்ல?"

வேறு ஏதாவது வழியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே விசைகளைத் தட்டினேன். அப்போதுதான் சாச்சி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மேசையிலிருந்த அந்தக் கறுப்பு முனையை எடுத்தார். சற்று நேரம் அதை விரல்களுக்கிடையே உருட்டினார். பிறகு கமெராவைத் தம் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து, முன்பிருந்த துவாரத்திலேயே அதைச் செருகினார். கொஞ்சமும் தடுமாறாமல்.

எனக்கு விளங்கிவிட்டது. வெளி மைக்குக்கான துவாரம் அது. எதையேனும் அதில் செருகினால், கமெராவின் சொந்த மைக் தானாக அடங்கிவிடும். உள்ளே பதிவாவது அமைதி மட்டுமே. அமைதியும் முறைப்படி பதிவானபடியால்தான் ஒலித்தடம் இருந்தது.

"நீங்களா உம்மா செஞ்ச?"

சாச்சி தலையசைத்தார். உதடுகள் அசைந்தன. ஷிஃபானா அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் படத்தைப் பார்ப்பார்களாம். முக்காடு போட்ட முகத்தைப் பார்த்தால் பார்க்கட்டும், பெண்களின் சத்தம் போகக் கூடாது என்று அன்று மகனிடம் கேட்டுக்கொண்டாராம். அவன்தான் இந்த உபாயத்தைச் செய்து கொடுத்தானாம்.

ஷிஃபானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரல் இரிக்கக்குள்ளயே ஊமப் படம் எடுத்த ஆள் நீங்க மட்டும்தான் உம்மா" என்றாள். சாச்சி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. திரையிலும் அந்நேரம் அவர் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். எது அன்று, எது இன்று?

சாச்சியைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பியதை ஒழுங்காகச் செய்தவர் அவர். அந்நியருக்குப் போகாமல் ஒன்றைப் பூட்டி வைக்கும்போது, பிற்காலத்தில் நம் பிள்ளைகளே வந்து அந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று யார்தான் நினைக்கிறோம்?

நான் லப்டொப்பை மூடப் போனேன். ஷிஃபானா தடுத்தாள். ஆண்கள் பகுதியை இன்னொரு தரம் போடச் சொன்னாள். இறுதிக் கட்டத்தை.

நிக்காஹ் முடிந்ததும், காற்றுக்கும் இருமலுக்கும் அப்பால், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பெண்களின் குரவையொலி எழுந்தது. சில விநாடிதான். பல குரல்கள் ஒன்றாக. அவற்றுக்கு மேலே ஒரு குரல் மட்டும் உயர்ந்து, நீண்டு, கடைசியாக அடங்கியது.

"இதுல நீங்களும் இரிந்தீங்க தானே உம்மா?"

சாச்சி மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்: ஓம்.

"அந்த ஒசந்த குரல்? அது நீங்களா?"

அதற்கும் ஓம்.

அந்தச் சில விநாடிகளை வெட்டியெடுத்து, காற்றின் இரைச்சலைக் குறைத்து, ஷிஃபானாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். நான் புறப்படும்வரை அவள் அதைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல்வரை வந்த சாச்சி என் கையைப் பற்றிச் சிறிது அழுத்தினார். அவ்வளவுதான்.

அன்று திரைச்சீலைக்குப் பின்னால் சாச்சிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். முக்காட்டு நுனியைப் பற்களால் கடித்தபடி அவர் அழுதுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவேயில்லை.

அந்த உயர்ந்த குரல் என்னுடையது.