உருண்டைக்குள் போன தூசி

முதலில் மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவள் விஞ்ஞானம் எழுதலாமா? வாராவாரம் பஸ்ஸையும் ரேஷன் கடையையும் பற்றி எழுதினேன், பொறுத்துக்கொண்டீர்கள். இந்த வாரமும் கொஞ்சம்…

எதிர்வீட்டு ஸ்டெல்லா மதுரையில் ஆராய்ச்சி படிக்கிறாள். காற்று தூசியைத் தூக்கிக்கொண்டு ஓர் உருண்டையைச் சுற்றிப் போகிறது. போகிற வழியில் தூசி தானாகவும் பரவுகிறது. எங்கே எவ்வளவு இருக்கும்? இதுதான் ஆராய்ச்சி. சித்திரையில் பசுவந்தனை ரோட்டில் பஸ் போனபின் நின்று பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். அதை எண்ணாகச் சொல்லவேண்டுமாம்.

அவள் கணக்கை அனுப்பிப் போட்டுப் பார்த்த மெட்ராஸ் கம்ப்யூட்டர் எண்ணாகத்தான் சொல்லியிருந்தது – தப்பாக. உருண்டையில் படும் தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் பின்பக்கம் தூசி குறையவேண்டும். குறையவில்லை. கணக்கைக் கையால் போட்டு, தப்பு எங்கே என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் மெஷினில் அவளுக்குள்ள நேரம் இன்னொருவருக்கு என்று புரொபசர் சொல்லிவிட்டார். கிராஃப் பேப்பரோடு ஊருக்கு வந்துவிட்டாள்.

முறை சுலபம். ஒவ்வொரு கட்டத்திலும், அதற்கு இடப்பக்கத்துக் கட்டத்தில் உள்ள எண்ணில் பாதி, மேலே கீழே உள்ளதில் கால் கால் – கூட்டி எழுதவேண்டும். தாள் முடிந்தால் அதைப் பார்த்து அடுத்த தாள். ஒருத்தியால் ஆகிற காரியமா?

தீப்பெட்டி ஆபீசில் எனக்கு செக்கிங் வேலை. குச்சி அடுக்கும் பெண்கள் நாலு பேரை வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஸ்டெல்லா ரயில் டிக்கெட் எடுக்கப் போயிருந்தாள். தாளின் நடுவே சிவப்பு வட்டம்தான் உருண்டை, அதற்குள் எப்போதும் பூஜ்யம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் அவர்களிடம் சொன்னேன். ஒரு தடவை. என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது.

சிவப்பு வட்டத்துக்கு வந்ததும், நாலு பேரில் ஒருத்தியான சொர்ணத்தின் பென்சில் நின்றதாம்.

“இங்கன மட்டும் வெறுமன கிடக்கு. விட்டா அக்கா திருப்பி விட்ருவா.”

குச்சி அடுக்கும் சட்டத்தை நாங்கள் கட்டை என்போம். அதில் ஒரு குச்சிக்கு இடம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஆகவே சொர்ணம் நிரப்பினாள். மற்ற மூவரும் நிரப்பினார்கள்.

தாள்களை நானே செக் பண்ணினேன். பதினெட்டு வருஷமாகக் காலியிடம் தேடிப் பழகிய கண். ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாகக் கீழே இனிஷியல் போட்டேன்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தை, உருண்டைக்குள்ள தூசி போயிட்டு.”

தப்பு என்னுடையது என்றேன். சொர்ணம் விடவில்லை.

“கட்டம் போட்டு வச்சா நிரப்பத்தான செய்வோம்? அங்கன நிரப்பாதன்னு எழுதிப் போட்டியாட்டி நீ?”

“எழுதிப் போட்டேனா?” என்று ஸ்டெல்லா தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து கம்ப்யூட்டர் காகிதத்தை எடுத்து எங்கள் தாளுக்குப் பக்கத்தில் விரித்தாள். விரலை வரிவரியாக ஓட்டினாள்.

அதே எண். இரண்டு காகிதத்திலும் உருண்டைக்கு முன்னாலும் பின்னாலும் அதே எண்.

உருண்டையைக் காலியாக வை என்று மெஷினுக்குச் சொல்கிற அட்டையை அவள் தன் அட்டைக்கட்டோடு சேர்க்கவே இல்லை. துளை போட்ட அட்டை வழியாகத்தான் மெஷினோடு பேசமுடியுமாம்.

“அது என்ன செய்யும், பாவம்?” என்று மெஷினுக்குப் பரிந்து பேசினாள் சொர்ணம்.

சொன்னதைச் செய்வது, சொல்லாத இடத்தை நிரப்பிவிடுவது… மெஷின் மட்டுமா அப்படி?

மறுநாள் ஸ்டெல்லா அந்தத் தாளோடு மதுரைக்குப் போனாள். மெஷின் நேரம் அவளுக்கே என்று சாயங்காலம் தந்தி வந்தது. ஆபீசில் சொர்ணத்தின் கட்டையில் மூன்று இடம் காலியாக இருந்தது. திருப்பி அனுப்பினேன்.