ரேடியோக்கா வீட்டு ஃபேன்

ரேடியோக்காவுக்கு நாற்பத்தொரு புருஷன்மார் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. காதுபடவே சொல்வார்கள். அவளும் "நாப்பத்திரண்டாவது இடம் காலியா இருக்கு, வரீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

கேலிக்குக் காரணம் அவளுடைய வியாழக்கிழமை நிகழ்ச்சி. வீட்டில் நடப்பதை வெளியே சொன்னால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்ற நிலையில் இருக்கும் பெண்கள் அவளுடைய சின்னப் பதிவுக் கருவியில் பேசுவார்கள். அவள் அதைச் சொல் மாறாமல் எழுதி, தன் குரலில் படித்து, சமுதாய வானொலியில் விடுவாள். "என் முடியைப் பிடிச்சு இழுத்தார்" என்று அவளே சொல்வாள். பேசியவள் யாரென்று யாரும் மோப்பம் பிடிக்க முடியாது. இப்படி நாற்பத்தொரு பெண்களின் பாடுகளை அவள் தன் பாடாகச் சொல்லியிருந்தாள்.

பாவம், மாட்டிக்கொண்டவர் அவள் கணவர். பழுதான மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறவர். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்தால் முதல் ஆளே "நேத்தும் உதைச்சீங்களாமே" என்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் "இது என் கதை இல்லை, குரல் மட்டும்தான் என்னுடையது" என்று சொல்லிவிட வேண்டும். நியாயம்தான் என்று அவளும் தலையாட்டினாள். நிலையத்தில் ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், எல்லோரும் மிக்சர் என்று கூப்பிடும் பெண், ஒருநாள் "உங்க கதையை எப்பக்கா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "எனக்கென்னடி கதை, காலையில தையல், மத்தியானம் ரேடியோ" என்று சொல்லிவிட்டு ரேடியோக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நிலையம் என்பது மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை. சுவரெல்லாம் பழைய போர்வை. மில் ஓடும்போது தரையே உறுமும் என்பதால், மில்காரர் சாப்பிடப் போகும் இரண்டு மணி நேரத்தில்தான் பதிவு நடக்கும். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், அதில் ரேடியோக்காவையும் சேர்த்து மூன்று பெண்கள். முதல் கூட்டத்தில் அந்த மூன்று பேரிடமும் ஆண்கள் குடித்து முடித்த டீ கப்பை நீட்டினார்கள். கழுவத்தான், வேறெதற்கு. பெண்கள் நிகழ்ச்சியில் அழகுக் குறிப்பும் கறை நீக்கும் வழியும் சொன்னால் போதும், காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் துணைத் தலைவர். "அஞ்சு மணிக்குப் பொம்பளை ரேடியோ கேட்டா உங்களுக்குக் காப்பி யார் போடறது?" என்று கேட்டாள் ரேடியோக்கா. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பதினொரு மணியை, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அடித்துப் பிடித்து வாங்கினாள்.

அந்தத் துணைத் தலைவருக்குக் கடைத்தெருவில் இரும்புக்கடை. அந்த ஓட்டுத் தோல்வியை அவர் இன்றுவரை மறக்கவில்லை. ஆனாலும் கடையில் நாள் முழுக்க நிலையத்தைத்தான் பாட விடுவார். பதவி இருக்கிறதே.

நாற்பத்திரண்டாவதாகப் பேச வந்தவள் அவருடைய மனைவி.

வந்தவள் என்று சொல்வது தப்பு. அவளால் வாசலைத் தாண்ட முடியாது. கடையிலிருந்து மணிக்கொரு தடவை வீட்டு ஃபோனுக்கு அடிப்பார், மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே நீட்டிய ஃபோனில் ஒரு நிமிடம் பேசி, "நீங்கதான் வரணும்கா" என்றாள். ரேடியோக்கா பையில் பதிவுக் கருவியைப் போட்டு, அதன்மேல் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மேல்சட்டைக்கு அளவெடுக்கிற சாக்கில் சனிக்கிழமை போனாள். தையல்காரி எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். அந்தப் பெண் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினாள். நடுவில் ஒருமுறை ஃபோன் அடித்தது, ஓடிப்போய் எடுத்தாள்.

"திங்கட்கிழமை அவர் சரக்கெடுக்க வெளியூர் போவார். அன்னைக்கு நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி, வியாழக்கிழமை, நான் சொன்னதை ஒரு தடவை ரேடியோல கேட்டுடணும்கா. இதெல்லாம் நிஜமாவே நடந்துச்சான்னு எனக்கே தெரியணும்."

ரேடியோக்கா மறுக்கவில்லை. கடை, ஃபோன், திங்கட்கிழமை என்று ஆளைக் காட்டிக் கொடுக்கும் சொல் ஒவ்வொன்றையும் ஈர்கொல்லி சீப்பு போட்டு வாருவது போல எடுத்தாள். கடைசியில் தொழில் வழக்கப்படி "ஒரு நிமிஷம் பேசாம இரும்மா" என்று சொல்லி, வெறும் அறையின் சத்தத்தையும் பதிவு செய்துகொண்டாள். போர்வை தொங்கும் அறையில் பேசினால் குரல் பஞ்சு மூட்டைக்குள் இருந்து வருவது போல அமுங்கிக் கிடக்கும். அதற்கு அடியில் அறைச் சத்தத்தை லேசாக ஓடவிட்டால் ஒரு வீடு கேட்கும். மற்ற நாற்பத்தொரு பேரையும் அவள் தன் தையற்கடையிலோ நிலையத்திலோ வைத்துத்தான் பேச வைத்திருந்தாள். இந்த முறைதான் சொன்னவளின் சொந்த வீடு. பழக்க தோஷம், யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பதிவு செய்து வைத்த நிகழ்ச்சி ஓடத் தொடங்கியது. மில் கீழே அரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை இறக்கிவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றார்.

"இது துணைத் தலைவர் வீட்டு ஃபேன்தானே?" என்றார். "டக், டக், டடக். வாரம் ரெண்டு கேன் அங்க போடறேன். இந்த நொண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

ரேடியோக்கா அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். தன் குரலுக்கு அடியில் அந்த ஃபேன் நொண்டிக்கொண்டிருந்தது. வாரம் ரெண்டு தடவை வருகிறவருக்கே தெரிகிறதென்றால், தினமும் அதன் கீழே படுக்கிற ஆளுக்கு? ஏழு நிமிடம் ஓடிவிட்டது. இப்போது நிறுத்தினாலும் சந்தேகம், ஓடவிட்டாலும் சந்தேகம். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"மைக்கைத் திற" என்றாள் மிக்சரிடம்.

"அக்கா, கீழே மில் ஓடுது."

"ஓடட்டும். ஃபேன் சத்தத்தை மட்டும் நிறுத்தாதே."

மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள். "நேயர்களே, தொடக்கத்தில் இது என் கதை இல்லைன்னு சொன்னேன். பொய். இது என் கதை. இப்போ நீங்க கேட்கிற சத்தம் எங்க வீட்டு ஃபேன். ஃபேன் ரிப்பேர் பண்ற ஆள் வீட்டு ஃபேன் நொண்டுதுன்னு சிரிக்காதீங்க. அதுக்கு அடியில உட்கார்ந்துதான் இதையெல்லாம் பேசினேன்." மிச்சக் கதையையும் தன் கதையாகவே சொல்லி முடித்தாள். ஒரு தப்பும் செய்யாமல் கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை ஊர் நடுவில் நிறுத்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அதுவும் ஒலிபரப்பானது.

நிகழ்ச்சி முடிந்த ஐந்தாவது நிமிடம் நிலையத்து ஃபோன் அடித்தது. துணைத் தலைவர்.

"நல்லாப் பேசினீங்க தங்கச்சி" என்றார், குரல் வெண்ணெய் மாதிரி. "இவ்வளவு கஷ்டம் இருக்குன்னு தெரியாமப் போச்சே. குழு சார்பா ஒருத்தர் வந்து விசாரிக்கணும்ல? ஆறு மணிக்கு வரேன். அந்த ஃபேனையும் பார்த்துடலாம்."

அவள் வீட்டு ஃபேன் இத்தனை வருடத்தில் ஒரு முனகல்கூட முனகியதில்லை.

நாலு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி நின்று இறக்கையை வளைத்துப் பார்த்தாள். ஃபேன் கடகடவென்று ஆடியதே தவிர நொண்டவில்லை. ஒரு திருகைக் கழற்றினாள், ஒரு துணியைச் சுற்றினாள். ஐந்து மணிக்கு அவள் கணவர் உள்ளே வந்தார். முகம் கன்றிப் போயிருந்தது.

"இந்தா, இறங்கு" என்றார். "ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம கடைக்கு வந்துட்டுப் போனான். நான் உன்னை என்ன பண்ணிட்டேன்?"

அவள் இறங்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். யார் வீடு, எந்த ஃபேன், என்ன கிழமை, ஆறு மணிக்கு யார் வருகிறார். "என் தப்புங்க. அவளோட வார்த்தையை எல்லாம் மறைச்சேன், அவ வீட்டை மறைக்க மறந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்து அவளை இறக்கிவிட்டுத் தானே ஸ்டூலில் ஏறினார். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "எத்தனை அடி? ரெண்டா, மூணா?"

"டக், டக், டடக். கடைசி அடி அவசரமா வரும்." நாக்கை அண்ணத்தில் தட்டிக் காட்டினாள்.

"பேரிங் தேஞ்சிருக்கு, ஒரு இறக்கை இறங்கியிருக்கு" என்றார் அவர், நோயாளியைப் பார்க்காமலே வைத்தியம் சொல்கிறவர் மாதிரி. ஒரு வாஷரைக் கழற்றி, இறக்கையின் அடியில் ஓர் ஆணியைச் செருகினார். அவள் கண்ணை மூடிக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவா", "இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஃபேன் சரியாக நொண்டியது.

துணைத் தலைவர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நேராக மேலே பார்த்தார். தலை ஃபேனின் தாளத்துக்கு அசைந்தது.

"எங்க வீட்டுதும் இப்படித்தான்" என்றார்.

"அந்தக் கம்பெனி ஃபேன் எல்லாமே இப்படித்தாங்க நொண்டும்" என்றார் கணவர். "கொண்டு வாங்க, காசு வாங்காமப் பார்த்துத் தரேன்."

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீங்களாமே, தங்கச்சி."

"அளவெடுக்க வந்தேங்க." அவள் உள்ளே போய், புதன்கிழமையே தைத்து முடித்த பச்சை மேல்சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "கழுத்து மட்டும் ஒரு சுற்று தளர்த்தியிருக்கேன். கழுத்து வலின்னு சொன்னாங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துணைத் தலைவர் அந்த மேல்சட்டையைக் கையில் வைத்தபடி அவள் கணவர் பக்கம் திரும்பினார். "ரேடியோல சொன்னாங்களே. அது நீங்கதானா? நிஜமாச் சொல்லுங்க."

ஃபேன் மூன்று சுற்று நொண்டியது.

"நான்தாங்க" என்றார் அவள் கணவர், தரையைப் பார்த்தபடி. "கை நீட்டிட்டேன்."

துணைத் தலைவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை ரேடியோக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். தன் இனத்தில் ஒருவனைப் பார்த்த நிம்மதி. மேல்சட்டையோடு எழுந்து அவள் கணவரின் தோளைத் தட்டிவிட்டு, "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும் தங்கச்சி" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பவும் வருவாரோ என்ற பயத்தில் ஃபேனைச் சரி செய்யவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த நொண்டிச் சத்தத்துக்கு அடியில்தான் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஓர் ஊர்பேர் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். "பஸ் ஏறி ரெண்டு ஊர் தாண்டிட்டேன்கா. பச்சைச் சட்டைதான் போட்டிருக்கேன். கழுத்து நல்லாத் திரும்புது."

ரேடியோக்கா தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்து ஒரு பாட்டம் அழுதாள்.

சாயங்காலம் கணவர் ஃபேனை நிறுத்தி, ஸ்டூலில் ஏறி, ஆணியை உருவினார். வாஷரைப் போட்டுக்கொண்டே சொன்னார். "யாரோ ஒரு பொண்ணுக்காக, வாழ்க்கையில முதல் தடவையா இவ்வளவு பெரிய பொய் சொன்னேன்."

"எது பொய்?" என்றாள்.

"கை நீட்டிட்டேன்னு சொன்னதுதான்."

"அது பொய் இல்லையே." அவள் குரல் உயரவே இல்லை. "நம்ம பெரியவனுக்கு அப்போ எட்டு மாசம். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. செவ்வாய்க்கிழமை. இடது பக்கம். மூணு நாள் அந்தக் காதுல எதுவும் கேக்கல."

அவர் திருப்புளியைத் தாழ்த்தினார். அவருக்கு நினைவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. பிறகு நினைவு வந்ததும் முகத்தில் தெரிந்தது.

"ஒரே ஒரு தடவை" என்றார் மெதுவாக.

"ஆமா. ஒரு தடவை."

"அதையும் ரேடியோல சொல்லுவியா?"

"இந்த வியாழக்கிழமை."

"இது என் கதை இல்லைன்னு முன்னாடி சொல்லிடுவேல்ல?"

"மாட்டேன்" என்றாள்.

அவர் கடைசித் திருகை முடுக்கி, கையெட்டி சுவிட்சைப் போட்டார். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. ரேடியோக்கா பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றாள்.

அவர் ஸ்டூல் மேலேயே, பேசாமல் நின்றார்.